தொப்பிக் கடைப் பொண்ணும் இதயம் தின்கிற வில்லனும்!

அழகான பொண்ணுங்க இதயத்தைப் பிடுங்கித் தின்பான்னு ஊரே நடுங்குற ஒரு மந்திரவாதி. கிட்டப் போய்ப் பார்த்தா, தலைக்கு அடிச்ச சாயம் கலர் மாறிடுச்சேன்னு பச்சைப் பிசினா வழிஞ்சு அழுதுட்டிருப்பான். இவனைப் போய் யாராவது காதலிப்பாங்களானு கேட்கிறீங்களா? உலகம் பூரா காதலிக்குது பாஸ்!

பையன் பேரு ஹௌல். இங்கிலாந்து எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதின ‘ஹௌல்ஸ் மூவிங் கேஸில்’ நாவலோட நாயகன். 2004-ல் ஜப்பான் இயக்குநர் ஹயாவோ மியாசாகி அதை அனிமேஷன் படமாக்கினார். படத்துல வர்ற ஊருக்காக அவர் சுத்திப் பார்த்தது பிரான்ஸோட கிழக்கு ஓரத்துல இருக்கிற அல்சாஸ் பகுதியை. அங்கே இருக்கிற கொல்மாருக்குத்தான் இப்போ போறோம். வாங்க!

ஸ்ட்ராஸ்பர்க்ல ரயில் ஏறினா அரை மணி நேரம். (கோடை ப்ராஜெக்ட்டுக்காக ஸ்ட்ராஸ்பர்க் வந்த நான், முதல் ஞாயித்துக்கிழமையே ஓடிட்டேன். ப்ராஜெக்ட் எங்கே போயிடப் போகுது!) பழைய ஊருக்குள்ள நுழைஞ்சா மஞ்சள், ரோஸ், நீலம்னு மிட்டாய்க் கலர்ல வீடுங்க. சிவில் மக்களே, நல்லாப் பாருங்க. பாரம் மொத்தத்தையும் மரச்சட்டம்தான் தாங்குது. நடுவுல இருக்கிற மண்ணும் வைக்கோலும் வெறும் அடைப்பு. 1871-லிருந்து 1945-க்குள்ள ஜெர்மனி, பிரான்ஸ்னு நாலு தடவை கைமாறின ஊர் இது. படத்துலயும் ஒரு யுத்தம் ஓடிட்டே இருக்கும்.

ரூ தே மர்ஷான், அதாவது வியாபாரிகள் தெரு. அதுலதான் ஃபிஸ்டர் வீடு. மூலையில ரெண்டு மாடிக்கு நீண்டு நிக்கிற ஜன்னல் மாடம், எட்டுப்பட்டைக் கோபுரம், மரத் தாழ்வாரம், சுவர் முழுக்க ஓவியம். படத்துல அச்சு அசலா இதே வீடு வரும். 1537-ல் இதை யாருக்காகக் கட்டினாங்க தெரியுமா? லுட்விக் ஷேரர்ங்கிற தொப்பி வியாபாரிக்காக! நம்ம ஹீரோயின் ஸோஃபியும் தொப்பிக் கடைப் பொண்ணுதான். எனக்குப் புல்லரிச்சுடுச்சு.

இங்கேயிருந்து பிரியுற சந்துகள்ல நடக்கும்போது அந்த சீன் ஞாபகம் வரும். ஸோஃபியை ரெண்டு சிப்பாய்ங்க வழி மறிச்சு வம்பு பண்ணுவாங்க. அவ தலையைக் குனிஞ்சுட்டு நிப்பா. பஸ் ஸ்டாப்ல நிக்கிற எந்தப் பொண்ணுக்கும் அந்தக் குனிஞ்ச தலை புரியும். அப்புறம் ஒரு சாபத்துல அவ 90 வயசுக் கிழவியாகிடுறா. அங்கேதான் கலாட்டாவே! நேரா ஹௌல் கோட்டைக்குள்ள நுழைஞ்சு, துடைப்பத்தைக் கையில எடுத்து, ஊரே பயப்படுற அந்த ஆளை வாங்கு வாங்குன்னு வாங்குறா. அவனும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறானே தவிர, ஒரு வார்த்தை அதட்டலை. இந்த வில்லன்மேல பொண்ணுங்க உருகுறதுக்கு என்னைக் கேட்டா அதுதான் காரணம். அவன் கெட்டவன்கிறதுக்காக இல்லை; அவனைத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கலாம்கிறதுக்காக! நம்ம ஊர் சினிமாவுல, பொண்ணு சம்மதிக்கிற வரைக்கும் பின்னாலயே துரத்துறவனுக்கு ஹீரோன்னு பேரு.

அதுக்காக ஹௌல் உத்தமன்னு நினைச்சுடாதீங்க. நாவல்ல, ஒரு பொண்ணு மனசைப் பறிகொடுத்தா போதும், ஐயா எஸ்கேப்! இதயம் தின்கிற வதந்தியைக்கூட சிஷ்யனை அனுப்பிப் பரப்பினதே அவன்தான். இதுல காமெடி என்னன்னா, இதயம் இல்லாதவனே அவன்தான். தன்னோடதை ஒரு நெருப்புப் பிசாசுகிட்ட கொடுத்துட்டு நிக்கிறான்!

அதே தெருவுல பார்த்தோல்டி மியூசியமும் இருக்கு. நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செஞ்ச சிற்பி 1834-ல் பிறந்தது இந்த ஊர்லதான். சாயங்காலம் லோஷ் ஆத்துல தட்டைப் படகு சவாரி போங்க. ஆனா கடைசி ரயிலை விட்டுடாதீங்க. நடந்து வர்ற கோட்டை எதுவும் உங்களை ஏத்திட்டுப் போக வராது!