கொச்சியில் ஒரு சேட்டனும் நாங்கள் மூவரும்

டூரிஸ்ட் பஸ்ஸில் ஊர் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். இறங்கு, போட்டோ எடு, ஏறு! அது வேண்டாம் என்றுதான், செமஸ்டர் முடிந்த கையோடு எர்ணாகுளம் போன நாங்கள் மூன்று மெக்கானிக்கல் பயல்களும் ஆளுக்கு 400 ரூபாய் போட்டு, ஆட்டோவோடு ஒரு கைடையும் நாள் முழுக்கப் பிடித்தோம். ஐம்பது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். சேட்டா என்றே கூப்பிட்டோம்.

முதலில் ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் சீன வலைகள். பெரிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் அவ்வளவு பெரிய வலையும் மேலே வந்துவிடுகிறது. சேட்டன் மணலில் குச்சியால் படம் போட்டு, "ஃபல்க்ரம் எவிடே? சொல்லு மோனே" என்றார். திகைத்துப் போனோம்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சேட்டா?"

"ஞானும் டிப்ளமோதான். மெக்கானிக்கல். பதினெட்டு வருஷம் டரட் லேத். பின்னே கம்பெனி பூட்டிப் போயி."

சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் அடுத்த கேள்வி வரவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ இன்னும் நடக்காத மூன்று பேர் வேறு என்ன கேட்பது?

செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சில், 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடத்தைக் காட்டினார். உடல் பிறகு போர்ச்சுகல் போய்விட்டது. ஆனால் அவர் அதிக நேரம் நின்றது மேலே தொங்கும் துணி விசிறிகளுக்குக் கீழேதான். அந்தக் காலத்தில் ஆட்கள் வெளியே உட்கார்ந்து கயிறு இழுப்பார்களாம். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று, இழுப்பவனுக்கு வெயில்!

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயத்தையும் அதன் மணிக்கூண்டையும் பார்த்துவிட்டு வில்லிங்டன் தீவுக்குப் போனோம். சிவில் நண்பர்கள் கவனிக்க: துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் 1920-ல் வந்து, வாசலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டித் திறக்க, 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. சொந்த மாமா கதையைச் சொல்வது போலச் சொன்னார் சேட்டன்.

சாயங்காலம் டீக்கடையில் அவர் முறை. "இப்போ சி.என்.சி. படிப்பிக்குதா? புரோகிராம் எப்படி எழுதும்?" என்று கேள்வி மேல் கேள்வி. ஜி-02 போட்டால் டூல் கடிகாரச் சுற்றில் வளையும், ஜி-03 போட்டால் எதிர்ச்சுற்று என்று சொன்னதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் முழுக்க எழுதிக் கொண்டார். ரயிலுக்கு நேரமாச்சு சேட்டா என்று நாங்கள்தான் அவரைக் கிளப்ப வேண்டியிருந்தது.