மான் இல்லாத மலையில் ஆறு நாள்

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு எங்கேடா போயிருந்தே?" என்று அம்மா போனில் கேட்டபோது, யோசிக்காமல் "மான் வேட்டைக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"போலீஸ் பிடிக்கலையா?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. நம்ம ஊரில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, மானைச் சுடுவது இருக்கட்டும், கணக்கில் காட்டாத கொம்பு வீட்டில் தொங்கினாலே கேஸ்! ஆனால் நான் போனது அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தில். அங்கே லைசென்ஸ் வாங்கி, அதற்கு மேல் ஒரு மானுக்கு ஒரு சீட்டு வாங்கி, சீஸன் நாட்களுக்குள் சுடலாம். சுட்டதும் நான் இல்லை. நான் வெறும் சுமைகூலி. கூலியும் கிடையாது.

2018-ல் நான் மாஸ்கோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படாதீர்கள், ரஷ்யா இல்லை. ஐடஹோவிலும் ஒரு மாஸ்கோ இருக்கிறது. ஒரு யுனிவர்சிட்டி, சுற்றிலும் கோதுமை வயல், ஊர் அவ்வளவுதான். ஆபீஸில் என் எதிர் ஸீட்டில் கணக்குப் பிரிவு அமெரிக்கர் ஒருவர். வயது 61. பனியில் கார் டயருக்குச் சங்கிலி மாட்டுவதிலிருந்து வருமான வரி ஃபாரம் நிரப்புவது வரை எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர் என்பதால், மனசுக்குள் அவருக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தேன். வாய் தவறி 'ஸார்' என்று கூப்பிட்டால் கோபம் வரும். "பேர் சொல்லிக் கூப்பிடு" என்பார். எனக்கு வராது. வளர்ப்பு அப்படி.

ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் வைத்துக் கேட்டார்: "அக்டோபர்ல ஒரு வாரம் வர்றியா? முழங்கால்ல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கு முன்னால ஒரு தடவை லாக்ஸா போயிட்டு வந்துடணும். தனியாப் போறதுக்கு வீட்ல பர்மிஷன் இல்லை." (அவர் பேசியது இங்கிலீஷ். தமிழ் என்னுடையது.)

"என்ன செய்யணும்?"

"நடக்கணும். கிடைச்சாத் தூக்கணும். அநேகமாக் கிடைக்காது."

விளம்பரம் பண்ணத் தெரியாத மனுஷர்!

தேடிப் போனது எல்க் மான். முதுமலை, களக்காடு பக்கம் மிளா பார்த்திருப்பீர்களே, அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் 300 கிலோ இருக்கும். பெரிய கொம்பு ஜோடி மட்டும் பத்துப் பதினைந்து கிலோ. அதை வருஷா வருஷம் உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைத்துக்கொள்ளும். செப்டம்பரில் ஜோடியைக் கூப்பிட அது போடும் சத்தம் இருக்கிறதே... சிங்கம் மாதிரி கர்ஜிக்கும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ, நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் தனியே ஊதினாற்போல் ஒரு கீச்சு!

ஐடஹோ முழுக்க எல்க் ஒரு லட்சத்துக்கு மேல் உண்டு. ஆனால் வாத்தியார் கூட்டிப்போன லாக்ஸா ஆற்றுப் பகுதி அப்படி இல்லை. அங்கே 1989-ல் சுமார் 16,000 இருந்தன. 2010-ல் எண்ணியபோது சுமார் 2,000. "இதை விட்டுட்டு, நிறைய இருக்கிற மலைக்குப் போனா என்ன?" என்று கேட்டேன். "போகலாம்" என்றார். வண்டி மட்டும் லாக்ஸாவுக்குத்தான் போனது.

லூயிஸ்டன் ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை எண் 12-ல் கிழக்கே போகவேண்டும். அடுத்த 99 மைலுக்கு வளைவுப் பாதை என்று எச்சரிக்கும் போர்டு இந்தச் சாலையில் ரொம்பப் பிரபலம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் செங்குத்தாக மலை. கடைசிப் பெட்ரோல் பங்க்கோடு செல்போன் சிக்னலும் விடைபெற்றுக்கொண்டது.

இந்த மலையின் வறுமை இன்று நேற்று வந்ததில்லை. 1805 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள், ஜனாதிபதி ஜெபர்சன் அனுப்பி, பசிபிக் கடலைத் தேடி இந்த வழியாக வந்தார்கள். அடர்ந்த காடு, சுட ஒரு மிருகம் அகப்படவில்லை. பசி தாங்காமல் கூட வந்த குதிரைக் குட்டியைக் கொன்று தின்றார்கள். அந்த ஓடைக்கு இன்றைக்கும் 'குட்டியைக் கொன்ற ஓடை' என்றுதான் பெயர். பிறகு மிச்சம் என்ன என்று கணக்குப் பார்த்தபோது, கரடிக் கொழுப்போடு மெழுகுவர்த்தியையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவேண்டிய நிலைமை!

இதை வாத்தியார் சொல்லி முடித்ததும், நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல் பாட்டிலை ஆதரவாகத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். மூடியைத் திறந்து மோந்தார். "பெருங்காயமா? இது வண்டியிலேயே இருக்கட்டும். எல்க்குக்கு மூக்குதான் எல்லாம்." தேங்காய் எண்ணெய்க்கும் அதே தண்டனை. சோப்பு கூட வாசனையில்லாத சோப்பு.

ஆற்றோரம் டென்ட் அடித்தோம். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். திருப்பதிக்கு நடந்து ஏறியவர்களுக்கு ஓரளவு புரியும். என்ன, இங்கே படி கிடையாது, மண்டபம் கிடையாது, மோர் விற்கிற அம்மாள் கிடையாது. மூவாயிரம் அடி ஏற்றம். விழுந்த மரங்களைத் தாண்டி, புதருக்குள் புகுந்து, நாலு காலில் தவழ்ந்து... ஒன்பது மணிக்கு முகட்டில் உட்கார்ந்து வாத்தியார் பைனாகுலரை எடுத்தார். சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. ஒரு அணில் பார்த்தோம்.

"நீ நடக்கிற சத்தம் மொன்டானாவுக்குக் கேட்கும்" என்றார் இறங்கும்போது. அன்றைக்கு அவர் பேசிய ஒரே வாக்கியம்.

இரண்டாம் நாள் மழை. எப்போதோ உதிர்ந்த ஒற்றைக் கொம்பு ஒன்று கிடைத்தது. எலிகள் பாதி கறம்பியிருந்தன. மூன்றாம் நாள் முகட்டில் பனி. காலையில் நாங்கள் ஏறிய பாதையிலேயே மத்தியானம் திரும்பினால், எங்கள் பூட்ஸ் தடத்தின் மேல் வேறு தடம். என் உள்ளங்கை அகலம், நாலு விரல். ஓநாய்!

எனக்கு மழையில் வராத நடுக்கம் அப்போது வந்தது. "இதுங்கதான் எல்லாத்தையும் தின்னுட்டுதா?" என்றேன்.

"பங்கு உண்டு" என்று உட்கார்ந்தார் வாத்தியார். 1995, 96 இரண்டு வருஷங்களில் கனடாவிலிருந்து 35 ஓநாய்களைக் கொண்டுவந்து மத்திய ஐடஹோ காட்டில் விட்டார்கள். பிறகு அவை பெருகின. கரடியும் மலைச்சிங்கமும் குட்டிகளைத் தின்னும். 1996-97 குளிர்காலத்தில் கொட்டிய பனியில் நிறையச் செத்தன. "ஆனா மூல காரணம் அது இல்லை. 1910-ல் ஆகஸ்ட் 20, 21, ரெண்டே நாள்ல ஐடஹோவிலும் மொன்டானாவிலும் முப்பது லட்சம் ஏக்கர் எரிஞ்சுது. மரம் போனதும் புதர் வந்தது. புதர் வந்ததும் எல்க் வந்தது. அப்புறம் தீப்பிடிச்சா உடனே அணைக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். நல்ல எண்ணம்தான். மரம் திரும்ப வளர்ந்து, வெயில் தரைக்கு வராம, புதர் போச்சு. அணைச்சு அணைச்சே இதுங்க சோத்துல மண்ணைப் போட்டோம்."

1805-ல் குதிரைக் குட்டி ஏன் செத்தது என்று அப்போதுதான் புரிந்தது. அடர்ந்த காட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை. மானுக்கும் சரி, மனுஷனுக்கும் சரி.

நாலாம் நாள் சாயங்காலம் அதைப் பார்த்தோம்.

எதிர் மலைச் சரிவில், மரங்களுக்கு நடுவே காய்ந்த புல் நிறத்தில் ஒரு முதுகு. கழுத்து மட்டும் கருப்பு. தலையைத் தூக்கியபோது ஒரு பக்கத்துக்கு ஆறு கிளையாகக் கொம்பு. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வாத்தியார் படுத்து, துப்பாக்கியை மூட்டையின் மேல் வைத்துக் குறிபார்த்தார். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... பிறகு எழுந்து தோட்டாவை வெளியே எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எல்க் சாவதானமாக மரத்துக்குள் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இரண்டு குதிகாலும் கொப்புளம். நாலு நாளாகப் பாக்கெட்டில் வரும் காய்ந்த நூடுல்ஸ். "ஏன் ஸார் சுடலை?" என்று கத்தியேவிட்டேன்.

'ஸார்' என்றதற்கு அவர் கோபிக்கவில்லை. "நானூறு கஜம். வெளிச்சம் போயிட்டிருக்கு. நடுவுல அந்தப் பள்ளம். சரியா அடிச்சாலும் இன்னிக்கு ராத்திரி போய்ச் சேரமுடியாது. தப்பா அடிச்சா எங்கேயோ போய் மூணு நாள் கழிச்சுச் சாகும். இந்த மலையில இருக்கறதே கொஞ்சம். அதுல ஒண்ணை வீணடிச்சிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

ஐந்தாம் நாள் காலை அவர் முழங்கால் வீங்கிவிட்டது. டென்ட்டிலேயே இருந்தோம். "நாளைக்குக் காலைல கிளம்பிடலாமே?" என்றேன். பதில் சொல்லாமல் வண்டிக்குப் போய், புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சமாதானக் கொடி! சாதம் வடித்துக் கலந்தேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டார். மூக்கில் தண்ணீர் வழிந்தது, நிறுத்தவில்லை.

அந்தத் தைரியத்தில் மனசில் இருந்ததைக் கேட்டேன். "இருக்கறதே கொஞ்சம்னு நீங்கதான் சொல்றீங்க. அப்புறம் எதுக்குச் சுடணும்?"

"சட்டம் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு. என் சீட்டு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணும் குட்டியும் இருந்தா மந்தை நிக்கும். நான் கட்டற லைசென்ஸ் பணம் வனவிலங்கு இலாகாவுக்குப் போகுது. துப்பாக்கி, தோட்டா வாங்கினா அதுலேயும் ஒரு வரி, 1937-லேர்ந்து, காட்டுக்குன்னே" என்றார். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "என் பதில் வேற. எங்கப்பா 1969-ல் என்னை இங்கே கூட்டிட்டு வந்தார். எனக்கு 12 வயசு. அப்பல்லாம் ராத்திரி டென்ட்டுல படுத்தா நாலு பக்கமும் எல்க் சத்தம் கேட்கும். இப்ப கேட்கலைங்கிறது, அப்பக் கேட்டவனுக்குத்தானே தெரியும்? நாங்களும் வர்றதை நிறுத்திட்டா, இது காணாமப் போனதையே யாரும் கவனிக்கமாட்டாங்க."

எனக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. இப்போதும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் நாலரைக்கு எனக்கு முன்னால் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அந்த மனுஷரிடம் வாதாடத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் காலை எட்டே கால். ஆற்றிலிருந்து இரண்டு மைல் தூரம், 1,800 அடி உயரம். மூடுபனி விலகியபோது நூற்றைம்பது கஜத்தில், எங்களைப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்றது. வேறொரு ஆண், கொம்பு சின்னது. ஒரே வெடி. பத்தடி நடந்து உட்கார்ந்தது. எழவில்லை.

பக்கத்தில் போனதும் வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் தள்ளியே நின்றேன். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. கோழிக் கடையில் வரிசையில் நின்று வாங்குகிறவனுக்கு இது புதுசு. சந்தோஷமா, பாவமா என்று கேட்டால், இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று தொண்டையில் அடைத்தது.

சீட்டில் தேதியையும் மாதத்தையும் கத்தியால் வெட்டிக் கட்டினார். "இப்பதான் வேலை ஆரம்பம்" என்றார்.

தோலை உரித்து, தொடை தொடையாகப் பிரித்து, எலும்பு நீக்கித் துணிப்பைகளில் போட்டு மரத்தில் தொங்கவிட மத்தியானம் ஆகிவிட்டது. கறி மட்டும் சுமார் நூறு கிலோ. சாப்பிடக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் அங்கே குற்றம். அவர் முழங்காலோடு இரண்டு நடையில் 24 கிலோ கொண்டுவந்தார். மிச்சமெல்லாம் அடியேன். நாலு நடை, நடைக்கு 22 கிலோ. ஆபீஸில் தண்ணீர் கேன் மாற்றவே ஆள் கூப்பிடுகிறவன் ஸார் நான்! மூன்றாவது நடையில், பனியில் வழுக்கி மூட்டையோடு மல்லாந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கவிழ்ந்த ஆமை மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஏழாம் நாள் இருட்டின பிறகு கடைசிப் பையை வண்டியில் ஏற்றினோம்.

ராத்திரி, உப்பும் மிளகும் போட்டு முதுகுக் கறியில் கொஞ்சம் வறுத்தார். நான் ஒரு துண்டைக்கூட மீதி வைக்கவில்லை. சுமந்தவனுக்கு மீதி வைக்க மனசு வராது.

ஊருக்கு வந்ததும் என் பங்கைக் கொடுத்தார். கூடவே கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்: யார் சுட்டது, என்றைக்கு, லைசென்ஸ் நம்பர், எவ்வளவு கறி என்று டெலிவரி சலான் மாதிரி. அது இல்லாமல் அடுத்தவர் சுட்டதை நான் வைத்திருக்கக்கூடாதாம். எல்க்கின் மேல்வாயில் தந்தம் போல் இரண்டு பல் இருக்கும். அதில் ஒன்றும் கொடுத்தார். ஆபீஸ் டிராயரில் ஸ்டேப்ளர் பின்னோடு வைத்திருந்தேன். ஊருக்குக் கொண்டுவரவில்லை. கஸ்டம்ஸில் யார் விளக்கம் சொல்வது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "பாவம்டா அந்த மான்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "குழம்பு வெச்சியா? எப்படி இருந்துது?" என்றாள்.

ஜனவரியில் வாத்தியாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 2019 அக்டோபரில் மறுபடி லாக்ஸா போனோம். ஆறு நாள் நடந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு ராத்திரி மட்டும், எங்கோ தூரத்தில், அந்தச் சீவாளிச் சத்தம் ஒரு தடவை கேட்டது. வாத்தியார் டென்ட்டில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷம் புளிக்காய்ச்சலுக்குத் தடை இல்லை.