ஆயாவும் ஜிஞ்சர் பீரும்

போன கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட ஜிஞ்சர் பீர் பத்தி இதுவரைக்கும் மூச்சு விடலை. மானப் பிரச்சினை. இந்த வருஷம் மானம் திரும்பக் கிடைச்சுட்டதால எழுதறேன் :-)

எங்க மேல்பட்டாம்பாக்கம் 1860-களிலேயே டேனிஷ் மிஷன்காரங்க வந்து தங்கின ஊர். டிசம்பர் வந்தா எதிர்வீட்டு ஆயா தட்டு நிறைய கேக் அனுப்புவாங்க. பதிலுக்கு நாமளும் ஏதாவது குடுக்கணும்னு ஆசை. இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பழைய சோடா பாட்டில்களை சோப்புப் போட்டு பளபளன்னு கழுவி, ஊத்தி, ரெண்டு நாள் வச்சு, ஆயாவுக்கு ஒண்ணு குடுத்தேன்.

"நல்லா இருந்துச்சுப்பா"ன்னாங்க. சாயங்காலம் பார்த்தா அவங்க முருங்கை மரத்தடியில இஞ்சி வாசம்! வீட்டுக்கு வந்து நானும் ஒரு வாய் குடிச்சேன். வழவழன்னு, ஊசிப்போன சோறு மாதிரி. அந்த வயசுக்காரங்க வயித்துக்கு ஏதாவது ஆகியிருந்தா?

அப்புறம்தான் உறைச்சது. கழுவறது வேற, கிருமியைக் கொல்றது வேற. அழுக்கு போகாம மருந்து வேலை செய்யாது. அழுக்கு போயிட்டாலே கிருமி போயிட்டதா அர்த்தமும் இல்லை.

சரி, எதைப் போடறது? கொதிக்கிற தண்ணிதான் நமக்குத் தெரிஞ்ச வழி. ஆனா பிளாஸ்டிக் சோடா பாட்டில் அதுல சுருங்கிடும். கண்ணாடி பாட்டிலோ கேஸ் ஏறினா வெடிக்கலாம். அடுத்தது பிளீச். மலிவு, கிருமியும் சாகும். ஆனா வாசம் போக நல்லா அலசணும். எதுல அலசறது? அதே மோட்டார் தண்ணியில! கொன்ன கிருமிக்குப் பதிலா புதுசா குடியேத்தின மாதிரி. ஆறவச்ச வெந்நீர்ல அலசினா சரி, பாட்டில் பாட்டிலா யாருக்குப் பொறுமை? (பிளீச்சோட வினிகரை மட்டும் கலந்துடாதீங்க மக்களே, குளோரின் வாயு வரும்.)

கடைசியில அமெரிக்கா போன நண்பன் ஸ்டார் சான் வாங்கிட்டு வந்தான். பாஸ்பாரிக் அமிலமும் ஒரு நுரைக்கிற பொருளும் சேர்ந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி, ரெண்டு நிமிஷம் நனைஞ்சா போதும். அலசவே வேண்டாம், நுரை உள்ளேயே இருக்கலாம். நம்ம தண்ணிக்கு இதுதான் தோது.

ஆயாகிட்ட விளக்கினேன். "ஓ, பதநீர்க் கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்களே, அந்த மாதிரியா?"ன்னாங்க. கிட்டத்தட்ட அதேதான். அங்க பானம் புளிக்கவே கூடாது. இங்க நாம கூப்பிட்ட ஈஸ்ட் மட்டும் வரணும், கூப்பிடாதவன் வரக்கூடாது.

இந்த வருஷம் காலி பாட்டில் திரும்பி வந்தது. முருங்கை மரத்தடி காய்ஞ்சு கிடந்தது. எட்டிப் பார்த்தேன், ஹி ஹி.

டிஸ்கி: ரெண்டே நாள், உடனே ஃப்ரிட்ஜ். பீர், ஒயின்னு கிளம்பிடாதீங்க. நம்ம மாநிலத்துல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு.