முதல் வளைவுக் குறிப்புகள்

பொது லாபியில் இன்றைக்கு மோன்சா தடம் என்று தெரிந்தால், பழகியவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நீளமான நேர்பாதை. அதன் கடைசியில் வலப்பக்கம் ஒரு வெட்டு, மூச்சு விடுவதற்குள் இடப்பக்கம் இன்னொன்று. பந்தயம் தொடங்கியதும் இருபது, இருபத்தைந்து ஜிடி3 கார்கள் 200 கி.மீ. வேகத்தைத் தாண்டி மொத்தமாக அங்கே வந்து சேரும். அத்தனை பேரும் ஒன்றாக நுழைய அங்கே வழி இல்லை. யாராவது ஒருவர் அரை நொடி தாமதமாகப் பிரேக்கை மிதிப்பார். புகை அடங்குவதற்குள் 'இன்னார் வெளியேறினார்' என்ற வரிகள் திரையோரத்தில் சரசரவென்று ஏறும். வெளியேறியவர் அடுத்த நிமிடமே வேறொரு சர்வரில், வேறு யாரோ இருபது பேரோடு, இன்னொரு முதல் வளைவை நோக்கிப் பறந்துகொண்டிருப்பார்.

அதே ஆட்களில் சிலரை வியாழக்கிழமை இரவு லீக் பந்தயத்தில் பார்க்கலாம். அதே கார், அதே வளைவு, ஒரு கீறல் இல்லாமல் கடந்து போவார்கள். அதற்குள் யாருக்கும் திறமை கூடிவிடாது. அடுத்த வியாழனும் இதே ஆட்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

*

பழக்கமில்லாதவர்களுக்கு: மேசையில் ஸ்டீயரிங்கைப் பூட்டி, காலடியில் பெடலை வைத்துக்கொண்டு கணினியில் ஓட்டும் பந்தயம் இது. டயரின் சூடு, பெட்ரோலின் எடை, பிரேக்கில் கால் கொடுக்கும் அழுத்தம் எல்லாமே கணக்கில் வரும். நினைத்த நேரத்தில் லாபிக்குள் நுழைந்து, இருப்பவர்களோடு ஓட்டிவிட்டு எழுந்து போகலாம். அல்லது லீக்கில் பெயர் பதிந்து, கார் நம்பர் வாங்கி, எட்டு வாரமோ பத்து வாரமோ ஒரே கூட்டத்தோடு புள்ளிப் பட்டியலுக்காக மல்லுக்கட்டலாம்.

*

1998-இல் பாப்பிரஸ் நிறுவனம் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' என்ற சிமுலேட்டரை வெளியிட்டது. 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 கார்கள். இறக்கை கிடையாது, டயருக்குப் பிடிமானம் போதாது, 22 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பழைய நூர்பர்க்ரிங் முழுசாக உள்ளே இருந்தது. டயல்-அப் மோடத்தில் அதை ஆடுவதற்காக ரசிகர்களே வி.ஆர்.ஓ.சி. என்றொரு சந்திப்பு இடத்தை அமைத்துக்கொண்டார்கள். அங்கே போய்க் காத்திருந்தால் யாராவது பந்தயத்துக்குக் கூப்பிடுவார்கள். அதே ஆட்கள் லீக்கும் நடத்தினார்கள். கூட்டம் சிறியது என்பதால் லாபியிலும் தெரிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. கார் வேறு எதையும் மன்னிக்காத ரகம். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் இருவர் கதையும் அங்கேயே முடிந்தது. ஆக, அந்தக் காலத்து லாபியே முக்கால் லீக்.

ஆள் பெருகியபிறகுதான் சிக்கல். பாப்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் கேமர், ஜான் ஹென்றியோடு சேர்ந்து ஐரேசிங் என்ற ஆன்லைன் சிமுலேட்டரைத் தொடங்கினார். லிவர்பூல் கால்பந்து அணியின் முதலாளி என்று நம் ஊர்ப் பையன்களுக்குத் தெரிந்த அதே ஹென்றிதான். 2008-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. முன்பின் தெரியாதவர்களை ஒழுங்காக ஓட்டவைக்க அவர்கள் கண்ட வழி, லைசென்ஸ்.

*

ரூக்கியில் தொடங்கி டி, சி, பி, ஏ என்று ஏற வேண்டும். தடத்தை விட்டு வெளியே போனால் 1 சம்பவப் புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. யார் மேல் தப்பு என்று நிரல் விசாரிப்பதில்லை. பின்னால் வந்து இடித்தவருக்கும் 4, சிவனே என்று போய்க்கொண்டிருந்தவருக்கும் 4. புதிதாக வருகிறவர்கள் கொதித்துப்போவது இங்கேதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தீர்ப்புச் சொல்லத் தெரியாத ஒரு நிரல், தீர்ப்புச் சொல்ல முயலாமல் இருப்பதே மேல்.

ஆனால் வேடிக்கை ஒன்று உண்டு. கடந்த வளைவுகளுக்கு எத்தனை சம்பவப் புள்ளி என்ற விகிதத்தைத்தான் அது பார்க்கிறது. அதனால் லைசென்சை ஏற்றத் துடிக்கும் சிலர் தொடக்க வரிசையான கிரிட்டில் போய் நிற்பதே இல்லை. பிட் லேனிலிருந்து கிளம்பி, எல்லோரும் போன பிறகு தனியாக, ஈ எறும்புக்குத் தொந்தரவு இல்லாமல் சுற்றிவிட்டு வருவார்கள். பந்தயத்துக்கு வந்து பந்தயம் ஓட்டாமல் போனதற்குப் பதவி உயர்வு.

லீக்கில் அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் சீசன் டிக்கெட்காரர்களுக்கு, யார் காலை நீட்டுவார், யார் ஜன்னலோரத்தை விடமாட்டார் என்பது அத்துப்படி. அதே மாதிரிதான். 27-ஆம் நம்பர் உள்பக்கம் மூக்கை நுழைத்துவிட்டால் பின்வாங்கமாட்டான், இடம் விட்டுவிடுவது நல்லது. 33 கண்ணாடியில் தெரிந்தால் பயமில்லை. கதவோரம் ஒட்டிக்கொண்டே நாலு வளைவு வருவார், தொடமாட்டார்.

*

பிங் கணக்கு. 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. தகவல் வந்து சேர 150 மில்லிநொடி ஆனால், அதற்குள் கார் 8 மீட்டர் நகர்ந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு கார் நீளம். ஆகவே என் திரையில் முன்னால் தெரியும் கார், கணினி ஊகித்து வரைந்த கார். நேர்பாதையில் ஊகம் பிசகாது. எதிராளி பிரேக் போடும் அந்தக் கணத்தில்தான் பிசகும். அவர் திரையில் எங்கள் இருவருக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி இருக்கும், என் திரையில் பம்பர் நசுங்கும். இருவரும் சத்தியம் செய்வார்கள், இருவர் சொல்வதும் உண்மை.

தெரிந்த ஆள் என்றால் அவர் எந்தப் பலகையருகே பிரேக்கில் கால் வைப்பார் என்பது என் மண்டையிலும் இருக்கிறது. கணினியின் ஊகம் பிசகும் இடத்தில் என்னுடையது கைகொடுக்கும். லாபியில் அது கிடையாது.

*

வெள்ளிக்கிழமை இரவு, லீக்கின் நடுவர்களான ஸ்டூவர்டுகள் கூடும் நேரம். முக்கால் மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு மணி நேர விசாரணை, சம்பளம் இல்லாமல். புகார்ப் படிவத்தில் சுற்று எண், நேரம், கார் நம்பர்கள். ரீப்ளேயை முதலில் மேலேயிருந்து பார்ப்பார்கள். அப்புறம் பின்னால் வந்தவரின் இருக்கையிலிருந்து, அப்புறம் முன்னால் போனவரின் கண்ணாடி வழியாக. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார்கள். உள்ளே நுழைந்தவரின் முன்சக்கரம் மற்றவரின் கதவுவரைக்கும் வந்திருந்ததா? வந்திருந்தால் இடம் விட்டிருக்க வேண்டும். வராவிட்டால் நுழைந்திருக்கவே கூடாது.

சம்பந்தப்பட்ட இருவரையும் டிஸ்கார்டில் கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. ஒருமுறை கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், "கண்ணாடியில என்னைப் பாத்துருப்பாருங்ண்ணா" என்றான். எதிர்த்தரப்பு சென்னைக்காரர், வயதில் மூத்தவர். "பாத்தேன் தம்பி. நீ நிப்பேன்னு நெனச்சேன்." வழக்கு அங்கேயே முடிந்தது. மூத்தவருக்கு 5 நொடி அபராதம். அடுத்த வாரம் இருவரும் அடுத்தடுத்த கிரிட் இடத்தில் நின்றார்கள்.

எந்த ரேட்டிங் நிரலாலும் அந்த வாக்குமூலத்தை வாங்கியிருக்க முடியாது.

*

2020-இல் ஊரடங்கால் நிஜப் பந்தயங்கள் நின்றபோது, நிஜ ஓட்டுநர்கள் சிமுலேட்டருக்கு வந்தார்கள். எது விளையாட்டு, எது வேலை என்பதில் அவர்களுக்கே குழப்பம். ஏப்ரல் 5-ஆம் தேதி பிரிஸ்டல் தடத்தில், தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த நாஸ்கார் மெய்நிகர் பந்தயத்தில், மோதல் ஒன்றால் கடுப்பான பப்பா வாலஸ் பாதியில் எழுந்து போய்விட்டார். லாபியில் இது நிமிடத்துக்கு ஒருமுறை நடப்பது. அவருக்கோ, வலிநிவாரணக் களிம்பு விற்கும் ஒரு ஸ்பான்சர் போயே போய்விட்டது.

சரியாக ஒரு வாரம் கழித்து கைல் லார்சன். அது அதிகாரபூர்வப் பந்தயம்கூட இல்லை, ஓட்டுநர்கள் சும்மா கூடி ஆடியது. தன் பேச்சு எல்லோருக்கும் கேட்கிறது என்பது தெரியாமல் மைக்கில் ஓர் இனவெறிச் சொல்லைச் சொன்னார். நேரலையில் போனது. ஓரிரு நாளில் நிஜ அணியிலிருந்து வெளியே. (2021-இல் வேறு அணிக்கு ஓட்டி நாஸ்கார் கோப்பையை வென்றார்.)

மே மாதம் ஃபார்முலா ஈ-யின் மெய்நிகர் போட்டியில் டேனியல் ஆப்ட் தன் பெயரில் ஒரு சிமுலேட்டர் வீரரை ஓட்டவைத்தார். மூன்றாம் இடம் வேறு. ரசிகர்களுக்காகச் செய்த வேடிக்கை என்று பிறகு விளக்கிப் பார்த்தார். ஆடி நிறுவனம் அவரை நீக்கிவிட்டது, 10,000 யூரோ தர்மத்துக்குக் கட்டவும் நேர்ந்தது.

மூவரும் லாபியின் சுபாவத்தோடு உட்கார்ந்தவர்கள் என்று தோன்றுகிறது. ஆப்ட் மேல் எனக்கு அனுதாபம் இல்லை. ஆள்மாறாட்டத்தை எந்த லீக்கும் பொறுக்காது. வாலஸ் விஷயத்தில் ஸ்பான்சருக்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டியிருந்தது.

*

ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிவியலாளர் ஒத்துப்போவதா, காலைவாருவதா என்ற ஆட்டத்தில் கணினி நிரல்களை ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப மோதவிட்டுப் பார்த்தார். வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய குட்டி நிரல்: முதலில் ஒத்துப்போ, பிறகு எதிராளி போன முறை செய்ததையே நீயும் செய். மறுபடி சந்திப்போம் என்ற நினைப்பு இருக்கும்வரை ஒத்துப்போவது லாபம் என்பது ஆக்சல்ராட் கண்டது. லீக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி சந்திக்கப்போவதில்லை என்றால்? சீசனின் கடைசிச் சுற்றைப் பார்த்தால் தெரியும். பட்டியலில் ஏறவும் இறங்கவும் வழியில்லாத ஏழெட்டுப் பேர், ஆறு வாரமாக அடக்கிவைத்த கோபம், நாளைக்கு ஸ்டூவர்டு என்ன செய்துவிடுவார் என்ற தெம்பு. கடைசிச் சுற்று பச்சை லாபி. விவரமான லீக்குகள் அபராதத்தை அடுத்த சீசனுக்குக் கடத்துகின்றன, முதல் பந்தயத்தில் கிரிட்டின் கடைசியில் நிறுத்துகின்றன. கொஞ்சம் வேலை செய்கிறது.

*

ஐரோப்பிய லீக்குகள் அங்கே இரவு 8 மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு 12.30; கோடையில் 11.30. மறுநாள் ஆபீஸ் இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல வாதம் லாபிக்குச் சார்பாக வேண்டாம். ஆனால் நமக்கு வசதியான காலை நேரத்தில் ஐரோப்பா தூங்கிக்கொண்டிருக்கும். ஐரேசிங்கில் குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் பந்தயம் கணக்கிலேயே சேராது. உள்ளூர் லீக்குகள் முளைத்ததற்கு நாட்டுப்பற்றைவிட இந்த நேரக் கணக்கும் பிங்கும்தான் காரணம் என்பது என் கட்சி.

*

லாபியைத் திட்டியே எழுதிவிட்டேன் போல. அதன் சுகம் தனி. இருபது நிமிடம் கிடைக்கிறது, குழந்தை தூங்குகிறது, நேற்றுவரை தொடாத ஒரு காரை எடுத்து, தெரியாத தடத்தில் போய் அடிவாங்கிவிட்டு வரலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'அசெட்டோ கோர்சா'வில் டோக்கியோ விரைவுச்சாலையை ரசிகர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே பந்தயம்கூட இல்லாமல், போக்குவரத்துக்கு நடுவே அந்நியர்களோடு வெறுமனே ஓட்டிக்கொண்டிருக்கலாம். புள்ளிப் பட்டியல் வைத்தால் அந்த இடம் அன்றோடு செத்துப்போகும்.

அடிதடிக்கு நடுவே பிழைத்து வரும் கலையையும் லாபிதான் கற்றுத்தரும். முன்னால் புகை தெரிந்ததும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று கணிப்பதில் லாபியில் வளர்ந்தவனை லீக்காரன் மிஞ்ச முடியாது.

*

லீக்கைக் கொல்வது மோதல் இல்லை. ஆள் வராமை. முதல் சுற்றில் கிரிட் நிரம்பி வழியும், ஐந்தாவது சுற்றில் பாதி காலி. ஜெயிக்கமுடியாது என்று தெரிந்தவர்கள் முதலில் கழன்றுகொள்வார்கள், பிறகு கல்யாணம், பரீட்சை, மின்வெட்டு. இதற்குத்தான் இரண்டு மோசமான சுற்றுகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும் விதி. ஃபார்முலா 1 மாதிரி முதல் பத்துப் பேருக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் சின்ன லீக் நிற்காது. கடைசியில் வருகிறவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். பதினோராம் இடத்துக்கு இரண்டு பேர் பத்துச் சுற்று அடித்துக்கொள்வதைப் பார்க்க லீக்குக்குத்தான் போக வேண்டும். லாபியில் பதினோராம் இடம் என்றால் வெளியேறும் பொத்தானை அழுத்த வேண்டிய நேரம்.

*

அடுத்த சீசனுக்கு என்ன கார் என்று வாக்கெடுப்பு நடக்கிறது. பெரும்பாலோர் ஜிடி3 என்கிறார்கள். பார்க்கப் பந்தாவாக இருக்கும். என் ஓட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு. ஐரேசிங் சந்தாவோடு இலவசமாக வருகிறது, புதியவர்கள் தனியே காசு போட வேண்டாம். வேகம் குறைவு, இறக்கை இல்லாததால் முன்னால் போகும் காரின் காற்று பெரிதாகக் கெடுக்காது, மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் ஒரு வளைவைக் கடக்கலாம். அந்தக் கோயம்புத்தூர்ப் பையனும் எம்எக்ஸ்-5க்குத்தான் போட்டிருக்கிறான். சென்னைக்காரர் இன்னும் போடவில்லை. ஞாயிறு இரவு வரை நேரம் இருக்கிறது.