கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

பழைய ஆம்னி வேன், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது, வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வண்டி நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். 2019-இல் தயாரிப்பு நின்றாலும், அந்த 796 சிசி எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மீட்டரைத் திருத்திவிட முடியும். அதனால் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், அரித்துப்போன பாடிக்குச் செலவு அடங்காது.

வாங்கியதும் ஆயில், ஃபில்டர், கூலன்ட், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

குறைவாக ஓடிக் கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டியைவிட, நிறைய ஓடினாலும் நன்றாகப் பராமரித்த வண்டியே மேல்.