இரண்டாம் இருக்கை

துணை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. உடன் இருப்பவர் என்பது ஒன்று. உதவுபவர் என்பது மற்றொன்று. அன்றாட வாழ்வில் இவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தே தீரவேண்டிய வேளைகளும் உண்டு என்பதை, அண்மையில் எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு மனத்தாங்கல் எனக்கு உணர்த்தியது.

என் தம்பியின் மகன் அமெரிக்காவில் பொறியாளனாக இருக்கிறான். விமானம் ஓட்ட உரிமம் பெற்றவன். தன் வீட்டுக் கார் கொட்டகையில் ஆறு ஆண்டுகளாக இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி முடித்தான். தஞ்சைத் தரணியில் நெல்லைத் தவிர வேறொன்றும் அறியாத என் தம்பி, மகனைப் பார்க்க அங்கே போயிருந்தான். முதல் பறப்பில் மகனுக்குப் பக்கத்தில் தானே அமரவேண்டும் என்பது அவன் ஆசை. மகன் மறுத்துவிட்டான். "பெத்த அப்பனை ஏத்த மாட்டேங்கிறான் அண்ணே. முப்பது நாப்பது மணி நேரம் பறந்த பிறகுதான் ஏறலாமாம். நான் என்ன அந்நியனா?" என்று நள்ளிரவில் தொலைபேசியில் குமுறினான். நாற்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விசாரித்து அறிந்தவற்றை இங்கே சொல்கிறேன். வீட்டில் கட்டிய விமானம் எத்துணைக் கவனமாகக் கட்டப்பட்டிருந்தாலும், வானில் ஏறும்வரை அது ஒரு கேள்வியே. ஆகவே அமெரிக்க விதிகள் முதற்கட்டச் சோதனைக்குப் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரப் பறப்பை வரையறுக்கின்றன. அக்காலத்தில் அப்பறப்புக்கு இன்றியமையாதவர் தவிர வேறெவரும் ஏறக்கூடாது. காரணம் எளிது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்தால் எடை கூடுகிறது. ஈர்ப்பு மையம் இடம் மாறுகிறது. தரையை விட்டு எழ நீண்ட ஓட்டம் தேவைப்படுகிறது. எந்த வேகத்துக்குக் கீழே இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்குமோ, அந்த வேகமும் உயர்ந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அளந்து அறிவதற்கு முன் ஒருவரை ஏற்றுவது, ஆழம் தெரியாத ஆற்றில் கைக்குழந்தையோடு இறங்குவது போன்றது.

இவ்விதிக்குப் பின்னே கண்ணீர் இருக்கிறது. ரைட் சகோதரர்களின் விமானமும் மிதிவண்டிக் கடைக்காரர் இருவர் தம் கையால் கட்டியதுதான். 1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மையரில் ஆர்வில் ரைட் பறந்தபோது உடன் சென்றவர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் 26 வயதுப் படை அதிகாரி. சுழல்விசிறி பிளந்து விமானம் வீழ்ந்தது. ஆர்வில் எலும்புகள் முறிந்தும் பிழைத்தார், செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர், விமானத்தைக் கட்டியவர் அல்லர், பக்கத்தில் அமர்ந்திருந்தவர்.

அச்சகோதரர்களின் தந்தை ஒரு சபையின் ஆயராக இருந்தவர். இருவரையும் ஒரே நாளில் இழக்க அஞ்சிய அவருக்கு, தாங்கள் சேர்ந்து பறப்பதில்லை என்று மக்கள் இருவரும் வாக்குக் கொடுத்திருந்தனர். 1910 மே 25 அன்று அவர் இசைவோடு ஒரே ஒருமுறை இருவரும் ஒன்றாகப் பறந்தனர். அதே நாளில் 81 வயதான அத்தந்தையையும் ஆர்வில் வானுக்கு அழைத்துச் சென்றார். முதல் பறப்பு நிகழ்ந்தது 1903இல். ஏழு ஆண்டுகள் அந்த முதியவர் காத்திருந்தார். இதை நான் தம்பியிடம் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

நம் மண்ணிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அதே 1910இல் சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய கோர்சிகா தீவினரான டி ஏஞ்செலிஸ், தாம் எண்ணியவாறு சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்தார். முதலில் பல்லாவரத்தில் பறந்து பார்த்த பிறகே ஊரார் காணப் பறந்தார். நம் காலத்தில், பேச்சும் கேள்வியும் இல்லாத கேரளத்துச் சஜி தாமஸ், இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கையால் கட்டினார். 2014இல் நெல்லை மாவட்டம் மணிமுத்தாற்றில் அதை வானேற்றிச் சோதித்தவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர். பல்லாண்டு உழைத்துக் கட்டிய ஒன்றை மற்றொருவர் கையில் ஒப்படைப்பதற்கு, கட்டுவதைவிடப் பெரிய மனம் வேண்டும்.

அப்படியானால் தனிமைதான் முடிவா என்றால், அதுவும் இல்லை. தனியே பறப்பவருக்கு வேறோர் ஆபத்து உண்டு. கண்கள் கருவிகளைப் பார்க்கவேண்டும், வானத்தையும் பார்க்கவேண்டும். கை ஓட்டவேண்டும், குறிப்பும் எழுதவேண்டும். எஞ்சின் தடுமாறும் நொடியில் இவை அனைத்தும் ஒருவர் மேல் விழுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் கணிசமானவை முதற்சில பறப்புகளிலேயே நேர்வது தெரியவந்தது. அதன்பின் 2014இல், தகுதியும் அனுபவமும் உள்ள மற்றொரு விமானியைச் சோதனைப் பறப்பில் உடன் அழைத்துச் செல்ல நிபந்தனைகளோடு வழி திறக்கப்பட்டது. கவனிக்க: விதி ஏற்பது விமானியையே, பயணியை அன்று. அவர் வேடிக்கை பார்க்க வருபவர் அல்லர். யார் ஓட்டுவது, யார் கண்காணிப்பது, இடர் வந்தால் யார் கை முந்துவது என்பதெல்லாம் தரையிலேயே பேசி முடிவாகவேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டுவதும், இருவரும் மற்றவர் ஓட்டுவதாக எண்ணியிருப்பதும் ஒன்றுபோல் ஆபத்தானவை. தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 முதல் நிலைகொண்டுள்ள சுகோய் விமானங்களும் ஈரிருக்கை கொண்டவைதாம். நம் வயல்களுக்கு மேலே அவை முழங்கிச் செல்லும்போது, பின்னிருக்கையில் இருப்பவருக்கும் முழுநேர வேலை இருக்கிறது.

இதைத் தம்பிக்கு விளக்க எனக்கு நூல்கள் தேவைப்படவில்லை. எங்கள் ஊரே போதுமாயிருந்தது. முறைத் தண்ணீர் காலத்தில் நள்ளிரவில் மடை திருப்பப் போகிறவர் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவார். அழைக்கப்படுபவர் வரப்பை அறிந்தவராக, தோளில் மண்வெட்டி உடையவராக இருப்பார். பிள்ளை ஆசைப்படுகிறானே என்று எவரும் அவனை அழைத்துப் போவதில்லை. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் குறுவைக்கு வந்தபோது, எங்கள் தந்தையார் முதலில் இரண்டு மாவில்தான் நட்டுப் பார்த்தார். வேலி முழுவதும் நட்டிருந்தால், தவறிய விளைச்சலில் எங்கள் சோறும் சேர்ந்தே போயிருக்கும். சோதனையின் இழப்பு சோதிப்பவனோடு நிற்கவேண்டும் என்பது அவர் கணக்கு. "அப்பா அப்படித்தான் செஞ்சாங்க" என்று தம்பி மெல்லச் சொன்னான்.

முதல் பறப்பில் மகனோடு அமர்ந்தவர் அனுபவமிக்க முதிய விமானி ஒருவர். பின்னர், இருவர் எடையில் விமானம் எப்படி நடக்கிறது என்று காண, வெற்று இருக்கையில் மணல் மூட்டைகளைப் படிப்படியாகக் கூட்டிக் கட்டவேண்டியிருந்தது. அம்மூட்டைகளை நிரப்பி, எடைபோட்டு, வாய் தைத்துக் கொடுத்தவன் என் தம்பி. வாழ்நாளெல்லாம் நெல் மூட்டை பிடித்த கைகள் அல்லவா! கடைசி மூட்டையைச் சேர்த்தபோது மொத்த எடை சரியாகத் தன் எடைக்கு வந்ததாக அவன் பெருமையோடு சொன்னான். இதை எழுதும் நாளில் 23 மணி நேரம் கடந்திருக்கிறது. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

புதிய தொழில், புதிய ஊர், புதிய கடன் என்று நம் இல்லங்களிலும் சோதனைப் பறப்புகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அன்பின் பெயரால் மனைவி மக்களை முதல் நாளே ஏற்றிக்கொள்கிறோம், "எங்களுக்கு இடமில்லையா?" என்று அவர்களும் கேட்கிறார்கள். அவ்வேளையில் மறுக்கத் துணிவதும் அன்பே. மறுப்பைத் தாங்கிக்கொண்டு தரையில் நின்று மூட்டை தைப்பதும் அன்பே. இடம் இல்லை என்பதும் இப்போது இல்லை என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மகனும், கேட்டுக்கொள்ளத் தெரிந்த தந்தையும் உள்ள வீட்டில் அந்த இருக்கை காலியாக இருப்பதில்லை, காத்திருக்கிறது.