அம்மா பாசி எடுத்த தீவுகள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை 1986இல் அரசு கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. பாம்பனை ஒட்டிய எங்கள் கரையில் அன்றைக்கு அது யார் காதிலும் விழவில்லை. ஆண்கள் மீன்பாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வல்லமேறிக் குருசடை, பூமரிச்சான் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போனார்கள். கெடுபிடி தொடங்கியபோதுதான், அதாவது 2000ஐ ஒட்டித்தான், பூங்கா என்ற ஒன்று இருப்பதே எங்களுக்கு உறைத்தது.

பாசி எடுப்பதென்றால் கரையில் குனிந்து பொறுக்குவது என்று வெளியூரில் பலர் நினைக்கிறார்கள். அம்மா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள். விரல் ஒவ்வொன்றுக்கும் கிழிசல் துணியைச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவாள். இல்லாவிட்டால் பாறை சதையைக் கிழித்துவிடும். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கினால் ஒரு கை மரிக்கொழுந்துப் பாசி. மேலே வந்து பைக்குள் போட்டுவிட்டு மறுபடி முங்க வேண்டும். நீர் வற்றும் நாட்களில் காலையிலிருந்து வெயில் சாயும்வரை இதுதான். அகர் அகர் செய்ய வாங்கிப் போவார்கள். எங்கள் பள்ளிக்கூடச் செலவும் அக்காள் கல்யாணமும் அந்தப் பையிலிருந்து வந்தவை.

ஒருநாள் பூங்கா அதிகாரிகள் அம்மாவை வல்லத்தோடு பிடித்துவிட்டார்கள். எடுத்த பாசியையெல்லாம் கடலிலேயே கொட்டச் சொன்னார்கள். "சார், பாசி போனாப் போகுது, வல்லம் எங்களுது இல்ல, அத மட்டும் விட்டுருங்க" என்று அம்மா கும்பிட்டதை என்னால் மறக்க முடியவில்லை. அபராதம் கட்டக் காதில் கிடந்தது அடகுக்குப் போனது. 2001இல் கடல் அட்டை பிடிக்கவும் தடை வந்தது. முங்கிப் பிழைத்த ஆண்களும் வேலையற்று நின்றார்கள்.

பூங்காவே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பாறை செத்தால் பாசியும் இல்லை, மீனும் இல்லை. இது பாசி எடுக்கும் பெண்களுக்கு எந்த அதிகாரியும் சொல்லித்தந்து தெரிய வேண்டியதில்லை. "வேரோட புடுங்குனா அடுத்த மாசம் என்னத்த எடுப்ப ஆத்தா?" என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டாள். பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்பால் சுரண்டக் கூடாது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகவே கூடாது. மீறினால் ஊரே கேட்கும். சட்டம் செய்ய நினைத்த காரியத்தை அவர்கள் சட்டமில்லாமலே செய்தார்கள் என்பதே என் முடிவு.

மாற்றுத் தொழில் என்று கொடுத்தது என்ன? மூங்கில் மிதவையில் வெளிநாட்டுப் பாசி வளர்ப்பு. அதில் சிலருக்குக் காசு வந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாசியே குருசடையின் பவளங்கள்மேல் படர்ந்து மூடுவதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எங்கள் கையால் கிள்ளியெடுத்த மரிக்கொழுந்து எந்தப் பவளத்தையும் அப்படி மூடியதில்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் செல்லும். நீர்நிலைகளின் மீன், பிற விளைபொருள் மீதான சமூக உரிமையையும் அது ஏற்கிறது. பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, 75 ஆண்டு அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கடலுக்குப் பட்டா ஏது? ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாகச் சட்டம் ஏற்கும்போது, எங்கள் கிழவிகளை உட்காரவைத்துக் கேளுங்கள். 12 நாள் கட்டுப்பாட்டை அப்படியே எழுத்தில் போட்டு, அந்த உரிமையைப் பெண்கள் பெயரில் கொடுங்கள். தீவுகளுக்கு அவர்களைவிட நல்ல காவல் கிடைக்காது.